காளியாயி மகன்

மூக்கன் யார் பெற்ற பிள்ளை என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியாது. ஒன்று எமன். மற்றது மூக்கன்.

எமனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடும். மூக்கனுக்குத் தெரிந்தால் அவன் வாய் சும்மா இராது, நாலு இடத்தில் உளறி எமன் காதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்பதால் அவனுக்கும் சொல்லவில்லை. மீசை முளைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள்.

அவனைப் பெற்றவள் பூரணி. அவனுக்கு முன்னால் மூன்று பெற்றாள். முதலாவது முகம் தெளியுமுன்பே போயிற்று. இரண்டாவது பல் முளைக்கிற நேரத்தில் வயிற்றோட்டம் கண்டு போயிற்று. மூன்றாவது பெண்பிள்ளை, தத்தித் தத்தி நடந்து, 'ம்மா' என்று சொல்லப் பழகியிருந்தது. காலையில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவளை, மத்தியானம் கொழுந்து நிறுக்கும் முன்னரே ஆள் வந்து கூட்டிப்போனார்கள். நாலாவது வயிற்றில் தங்கியதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. யாரும் கேட்டால் வயிறே இல்லாதவள்போல முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போவாள்.

எங்கள் மக்களுக்கு அதற்கும் ஒரு வழி தெரியும். பிள்ளை தங்காதவள் பெற்றதை, பெற்றதெல்லாம் தங்கிய ஒருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். விலைக்குப் போன பிள்ளையை எமன் பழைய வீட்டில் தேடிவிட்டு ஏமாந்து திரும்பிவிடுவான். மேட்டு லயத்தில் அப்படிக் கைராசிக்காரி காளியாயி. ஆறு பெற்று ஆறும் உயிரோடு இருந்தன. ஒன்று வட்டவளையில், ஒன்று நல்லதண்ணியில் என்று ஆளுக்கொரு தோட்டத்தில் கலியாணம் கட்டிப் போய்விட்டன. புருஷனும் போய்ச் சேர்ந்து, அவள் பூரணிக்கு அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருந்தாள்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், லயத்துக்குப் பின்னால் குப்பை மேட்டில் பழைய முறத்தில் அதைக் கிடத்திவிட்டு, பூரணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். காளியாயி தற்செயலாக வந்தவள்போல வந்து, யார் பிள்ளை இது, கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டாள். பிறகு மடியிலிருந்த தவிட்டை இரண்டு கையாலும் அள்ளிப் பூரணியின் முந்தானையில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அன்றைக்கே வலது மூக்கைக் குத்திக் கம்பி போட்டு, மூக்கன் என்று பெயரும் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பிள்ளையைப் பூரணி மடியில் போட்டு, எனக்கு மலைக்குப் போகணும், என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றாள் காளியாயி.

மற்ற இடங்களில் இதெல்லாம் ஒரு நாள் கூத்து. பொழுது சாய்ந்தால் பெற்றவள் தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்றே கொஞ்சத் தொடங்கிவிடுவாள். பூரணி அப்படி இல்லை. சூடு கண்ட பூனை அவள். 'என் பிள்ளை' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. பால் கொடுக்கும்போதுகூட, "காளியாயி மவனே, பசிக்குதாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் மார்பில் அணைப்பாள். பிள்ளை அவளை எப்படிக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது, சின்னம்மா, பெரியம்மா எல்லாவற்றிலும் ஓர் அம்மா ஒளிந்திருக்கிறாள் என்று வேண்டாமென்றாள். கடைசியில் அத்தை என்று முடிவாயிற்று. அதனால் பெற்ற தகப்பன் அழகுமுத்து அவனுக்கு மாமா ஆனான். அழகுமுத்து நல்ல மனுஷன்; பிள்ளை உயிரோடு கிடந்தால் போதும், என்னை மாமா என்றால் என்ன, மச்சான் என்றால் என்ன என்று சிரித்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு ஐந்து வருஷம் இருந்தது. ஓர் ஆடிக் காற்றில், நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது அழகுமுத்து கிளையோடு சேர்ந்து விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவன் பார்க்கவில்லை. நீர்க்குடம் எடுக்க வேண்டிய பிள்ளை காளியாயி கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் வேடிக்கை பார்த்தான். மாமாவை எங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அவன் கேட்டது பூரணிக்குக் கேட்டது. குடத்தை அழகுமுத்துவின் சிற்றப்பன் மகன் ஒருவன் வேறு தோட்டத்திலிருந்து வந்து எடுத்தான். அன்றைக்கு எழுந்த அழுகையில் பாதி செத்தவனுக்கு, பாதி அந்தக் குடத்துக்கு.

பட்ட காலிலே படும் என்பார்கள். அடுத்த மழைக்காலத்தில், நிறைகூடையோடு பூரணி மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தாள். இடுப்பும் தொடையும் சேர்கிற இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து திரும்பி வந்தவளுக்கு இடது கால் மடங்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்று பார்த்தாள். மலை செங்குத்தாக நின்றது. நாலைந்து நாள் பெயர் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

காளியாயியின் சம்பளத்தில் மூன்று பேர் வயிற்றுப்பாடு நடந்தது. அவளுக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ அவள் பெயரையும் நிறுத்திவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் ஆண்டியப்பன் கங்காணி ஒரு யோசனையோடு வந்தார். கொழும்பில் தெரிந்த ஒரு வீட்டில் சின்ன வேலைகளுக்கு ஒரு பையன் வேண்டுமாம். மூன்று வேளைச் சோறு, தீபாவளிக்குச் சட்டை, பெரியவனானால் கையில் ஏதாவது. அவர் கெட்டவர் அல்ல. தன் தங்கச்சி மகளையே அப்படித்தான் அனுப்பியிருந்தார். அந்தப் பெண் போய் மூன்று தீபாவளி ஆகிறது, ஒரு தரமும் ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பூரணியின் வாய் பழகின வழியிலேதான் போயிற்று. "அவன் அம்மாகிட்ட கேளுங்க," என்றாள்.

"என் புள்ள எச்சித்தட்டு கழுவப் பொறக்கல, கங்காணி," என்றாள் காளியாயி. அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். கங்காணியின் மூன்று தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

கங்காணி கோபிக்கவில்லை. தீபாவளி கழிந்ததும் திரும்ப வருகிறேன், அதற்குள் அடுப்பில் பூனை தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு காளியாயி அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள். திட்டுவது சுலபம், சோறு போடுவதுதான் கஷ்டம்.

வழி சொன்னவர் மாயாண்டி. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். பேச்சில் வல்லவர், சிங்களமும் கொஞ்சம் இங்கிலீசும் தெரியும். இல்லாதப்பட்டவர்களின் பிள்ளைகளை வளர்க்க அரசாங்கம் மாதாமாதம் ஏதோ கொடுக்கிறது என்றார் அவர். அதற்கு ஊரில் பிச்சைச் சம்பளம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதுமே பூரணிக்கு முகம் சுண்டிவிட்டது. பிச்சையாவது சம்பளமாவது, கேட்கிற இடத்தில் கேட்டால்தான் கிடைக்கும் என்று மாயாண்டி அதட்டினார். நம்மவர்களுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அழகுமுத்துவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. மூக்கன் பிறந்த வருஷங்களில்தான் எங்களுக்கு இந்த நாடு சொந்தமில்லை என்று சட்டம் வந்தது. அழகுமுத்து விடாமல் நடந்து, விசாரணைக்கெல்லாம் போய் நின்று, தனக்கும் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து வாங்கியிருந்தான். அவன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான்.

விண்ணப்பத்தை மாயாண்டியே நிரப்பினார். பிள்ளையின் தாய் யார் என்ற இடம் வந்ததும் தலையைத் தூக்கிப் பூரணியைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். எழுதியது ஆபத்தில்லையா என்று அவள் மெல்லக் கேட்டபோது, "எல்லாம் இங்கிலீசுலதான் எழுதியிருக்கேன் தாயி. சித்திரகுப்தன் இங்கிலீசு படிச்சவனா?" என்று சிரித்தார். பூரணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெருவிரலை மையில் தொட்டு ஊன்றினாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு ஐயா விசாரிக்க வருகிறார் என்று செய்தி வந்தது. மாயாண்டி முதல்நாளே வந்து எல்லாவற்றுக்கும் ஆயத்தம் செய்தார். நல்ல சேலை உடுத்தாதே. காலை மறைத்துக்கொண்டு உட்காராதே. அந்தச் சேவல் கண்ணில் படவேண்டாம், கூடையில் போட்டு, லயத்துக் கோடியில் வீரம்மா காம்பராவில் கொண்டுபோய் வை. இவ்வளவும் நினைத்த மனுஷருக்கு ஒன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு மட்டுமா, லயம் முழுக்க யாருக்கும் வரவில்லை. ஆறேழு வருஷமாக ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இருந்து பழகிவிட்டால், அதைச் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வரும் என்றே மறந்துபோய்விடும்.

வந்தவர் நடுவயதுச் சிங்களவர். குடையை மடக்கி இஸ்தோப்புத் திண்ணை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கால்மேசு உறையில் ஏறியிருந்த அட்டையை அருவருக்காமல் பிடுங்கிப் போட்டார். கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் நிதானமாக விசாரித்தார். காலைப் பார்த்தார். எட்டி உள்ளே அடுப்பைப் பார்த்தார். செத்தவனைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். வந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற மனுஷர் என்று பூரணிக்குத் தோன்றியது. அவளுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு மூக்கன் வந்தான். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மழைத்தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்று, ஐயாவின் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தான். ஐயா சிரித்தார். பெயரைக் கேட்டார், சொன்னான். அம்மா எங்கே என்று கேட்டார்.

"மலைக்குப் போயிருக்காங்க," என்றான் மூக்கன்.

ஐயாவின் சிரிப்பு நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பூரணியைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

"அத்தை."

சுற்றி நின்ற லயத்துச் சனம் மாயாண்டியைப் பார்த்தது. அவர் முன்னால் வந்து, பிள்ளைக்குப் புரியாதபடி சிங்களத்திலேயே தவிட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார். முறம் என்றார், குப்பை மேடு என்றார், மூக்குக் குத்தியதைத் தொட்டுக் காட்டினார். ஐயா குறுக்கிடாமல் கேட்டார். போன மாதம் வேறொரு பக்கத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பணம் கேட்டார்கள் என்றார். இங்கேயும் அப்படித்தான் என்று தான் சொல்லவில்லை, வழக்கம் ஒவ்வோர் இடத்துக்கு ஒன்று இருக்கும், ஆனால் தலைவர் சொல்வதைத் தான் எழுத முடியாது என்றார்.

"அவங்க வாயால சொல்லணும்," என்றார். "ஒரு சொல்லு. அது போதும்."

பூரணி தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தாள். ஐயா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சொல்தான். அவள் வாயைத் திறந்தாள், வரவில்லை. அந்தச் சொல்லை மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறாள் அவள். என் ராசா, என் மகனே, என் மகளே என்று வாய்நிறையச் சொல்லி, மூன்று பேரையும் சவுக்கு மரத்தடியில் புதைத்தாள். நாலாவதுக்குச் சொல்லவில்லை, அவன் இதோ எதிரே ஈரத்தலையோடு, மூக்கு ஒழுக நின்றுகொண்டிருக்கிறான். மூடின வாயால் உயிர் பிழைத்த பிள்ளை. இப்போது சொன்னால் எமன் கேட்பான். சொல்லாவிட்டால் கங்காணி வருவார். இரண்டு பக்கமும் பிடுங்கிக்கொண்டு போகவே நிற்கிறார்கள். லயத்துக் கோடியில் ஆண்டியப்பன் கங்காணி மழைக்கு ஒதுங்கியவர்போல நின்றிருந்ததையும் அவள் பார்த்தாள்.

மத்தியானக் கொழுந்து நிறுத்துவிட்டுக் காளியாயி வந்து சேர்ந்தாள். வெறுங்கூடை முதுகில், கம்பளி நனைந்து கனத்துக் கிடந்தது. அம்மா என்று மூக்கன் ஓடிப்போய் அவள் வேலைக்குக் கட்டும் படங்குச் சேலையைப் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லாமலே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஐயா அவளையே நேராகக் கேட்டார்: இது உங்கள் பிள்ளையா?

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளை என்று சொல்கிறவள் அவள். அவன் இல்லாவிட்டால் அந்தக் காம்பராவில் அவளை அம்மா என்று கூப்பிட ஆளில்லை. ஆமாம் என்றால் பிள்ளைக்குச் சோறு போய்விடும். இல்லை என்றால் வாங்கியவளே கைகழுவியதாகிவிடும். காளியாயி அவன் கையைச் சேலையிலிருந்து மெல்ல விடுவித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேங்கையா. அவளையே கேளுங்க," என்றாள். சொல்லிவிட்டு, அன்றைக்குக் குப்பை மேட்டில் பூரணி நின்ற மாதிரியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள்.

அதைப் பார்த்த பிறகு பூரணியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து, கம்பை ஊன்றி எழுந்து நின்றாள்.

"என் புள்ளதாங்க," என்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். அடைத்துக் கிடந்த கான் உடைத்துக்கொண்டதுபோல அது சத்தமாக வந்துவிட்டது. "நான் பெத்த புள்ள. என் வயித்துல பொறந்த புள்ள."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ஐயா எழுதினார், பேனாவை மூடினார், ஒரு கணம் அவளைப் பார்த்தார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு மாயாண்டியோடு இறங்கிப் போனார். லயத்துச் சனம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அவரவர் காம்பராவுக்குள் நுழைந்துகொண்டது.

மூக்கன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு.

"அத்தை," என்றான். "அந்த ஐயாகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

பூரணிக்குத் தலையில் இடி விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தரம் உண்மை பேசினாள். அதற்குப் பிள்ளை கேட்கிற கேள்வி இது. இல்லையடா, அதுதானடா நிஜம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. காளியாயி திரும்பி அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"ஆமா சாமி," என்றாள் பூரணி. "பொய்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"ஒனக்குச் சோத்துக்கு."

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததை அவன் அவளுக்கு எடுத்துச் சொன்னான். பிறகு, சோற்றுக்கென்றால் பரவாயில்லை போலிருக்கிறது என்று தானே சமாதானம் ஆகிக்கொண்டு விளையாடப் போய்விட்டான். பூரணி அடுப்படியில் போய் உட்கார்ந்து, புகையைச் சாக்காக வைத்து அழுதாள்.

அந்த வாரமே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் நனைகிற பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது அதிசயமா? ஆனால் பூரணிக்கு அதெல்லாம் ஏறவில்லை. சொல்லிக்கெடுத்தேனே, வாயால் வாரிக்கொடுத்தேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தோட்டத்து டாக்டரையா கொடுத்த கசப்பு மருந்து ஒரு பக்கம், மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு பக்கம். விடிந்ததும் மாயாண்டியிடம் போய், பணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்தச் சொல்லை அழித்துவிட்டு வரச் சொல்லப்போகிறேன் என்று கம்பைத் தேடினாள். கம்பைக் காளியாயி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன நீ?" என்று கேட்டாள். "பொய்யின்னுதானே புள்ளகிட்ட சொன்ன? பொய்யின்னு நீயே சொன்ன பிற்பாடு எமனுக்கு அதுல என்ன வேல? கவுருமெண்டுக்குச் சொன்ன பொய்யிக்கு எவனாச்சும் உசிர எடுப்பானா? அவன் என் மவன். நான் தவிடு குடுத்து வாங்கினவ. எவன் வந்தாலும் என்கிட்ட வந்து கேக்கட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் அன்று வேலைக்கும் போகாமல் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, அவன் ரொட்டி கேட்டான்.

தீபாவளி கழிந்து ஆண்டியப்பன் கங்காணி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முதல் பணம் வந்திருந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. அரிசிக்கும் மாவுக்கும் இழுத்துப் பிடித்தால் காணும். கங்காணி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் போனார்.

பணத்தை லிந்துலைத் தபால் கந்தோரில் போய் வாங்க வேண்டும். மேலிடத்து உத்தரவோ அங்கிருந்த தபால் மாஸ்டரின் சொந்த வழக்கமோ, பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் பணத்தை எடுப்பார். பெற்றவளையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்பார். அதனால் காளியாயியே மூக்கனை உட்கார்த்திவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். கந்தோர் வாசலில் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும்வரைக்கும் அத்தையை அம்மா என்று கூப்பிட வேண்டும், சிரிக்கக்கூடாது, உளறக்கூடாது. இது நமக்குள் ஒரு விளையாட்டு. ஆனால் காளியாயி ஒரு தரமும் அவர்களோடு போகவில்லை. லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்றாள். அதுமட்டும் காரணமில்லை என்று பூரணிக்குத் தெரியும்.

முதல் மாதம் போனபோது பூரணிக்கு வழியெல்லாம் நடுக்கம். இரண்டாம் மாதம் நடுக்கம் குறைந்திருந்தது. மூன்றாம் மாதம், பணம் வருகிற நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவள் நல்ல சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். மாதம் முழுக்க அவள் காத்துக்கிடந்தது பணத்துக்காக அல்ல. பணத்துக்காகவும்தான், வயிறு இருக்கிறவர்கள் அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அரிசி வாங்குகிற நினைப்பில் யாரும் விடியற்காலையில் எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொள்வதில்லை.

அன்றைக்கு வெயில் அடித்தது. கடுதாசி வாங்க வந்தவர்களும் முத்திரை வாங்க வந்தவர்களும் கந்தோரில் வரிசையாக நின்றார்கள். இவர்கள் முறை வந்ததும் மாஸ்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, யார் பிள்ளை என்று கேட்டார்.

"என் மகன்தாங்க," என்றாள் பூரணி. வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது யாரு?"

மூக்கன் பாடத்தை மறக்கவில்லை. இந்த முறை அவனுக்கு இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது போலும். அத்தையின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் வயிற்றில் புதைத்து, "எங்க அம்மா," என்றான். "எங்க அம்மா, எங்க அம்மா."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே பணத்தைத் தள்ளினார். பூரணிக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. பின்னால் நின்றவர் கனைத்தார். ஒரு கையால் அவன் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தபடி, மறு கையால் மைப்பெட்டியில் விரலைத் தொட்டு ஊன்றினாள்.

வாசலைத் தாண்டியதும் மூக்கன் கையை எடுத்துவிட்டான். அவளுக்குப் படியிறங்கக் கஷ்டம் என்று தெரியும். முன்னால் இறங்கி நின்று, கம்பை வாங்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அத்தை, நல்லாச் சொன்னேனா?"

"நல்லாச் சொன்ன, சாமி," என்றாள் பூரணி. "அடுத்த மாசமும் இப்படியே சொல்லணும்."